டாஷ்போர்டை முதலில் காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. திரையில் சரியாகத் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்பதுதான் அது. கடிதம் அடிப்பதற்கும் வீட்டுக் கணக்குப் போடுவதற்கும் இந்த நம்பிக்கை போதும். ஆனால் திரையில் வரைந்த ஒன்றை மரத்திலோ தகட்டிலோ வெட்டி, குறிப்பிட்ட ஓர் இடத்தில் பொருத்த வேண்டும் என்று வரும்போது, இதே நம்பிக்கை நம் பணத்தைக் கரைத்துவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். திரையில் இருக்கும் சுரைக்காயும் அப்படித்தான்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம், கிட் காருக்கு வீட்டிலேயே புதிய டாஷ்போர்டு வடிவமைத்துப் பொருத்துவது. நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்கைக் காண்பது அரிது. பிரிட்டனில் பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கானோர் இதில் ஈடுபட்டு வருகிறார்கள். அளவு தவறிய அழைப்பிதழ் அச்சானால் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். டாஷ்போர்டில் ஒரு மீட்டர் தவறான இடத்தில் அமைந்தால் ஓட்டுபவரின் கண் சாலையை விட்டு விலகும். எனவே கம்ப்யூட்டரால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை இந்த ஒரு பலகை நமக்கு நன்றாகவே காட்டிக் கொடுக்கிறது.

கிட் கார் என்றால் என்ன?

முழுக் காராக வாங்காமல், சேசிஸ், பாடி, மற்ற பாகங்கள் எனத் தனித்தனியாக வாங்கி, சொந்தக்காரரே வீட்டில் பூட்டிக் கொள்ளும் கார்தான் கிட் கார். இதில் புகழ்பெற்றது, காலின் சாப்மன் 1957-ல் கொண்டு வந்த லோட்டஸ் செவன். அந்தக் காலத்தில் பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கிப் பூட்டினால் அந்த வரி இல்லை. 1973-ல் அந்த வரி போய் வாட் வந்தது. அதே ஆண்டில் செவன் காரைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குச் சென்றது. வரிச் சலுகை போன பிறகும் பழக்கம் போகவில்லை. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், 250 பவுண்டு செலவில்கூட ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். பழைய போர்டு எஸ்கார்ட் காரின் பாகங்களை எடுத்து, இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கார் கட்டும் முறையை அது விளக்கியது. பலர் அதைப் பார்த்துக் கார் கட்டினார்கள்.

இந்த வகைக் கார்களில் டாஷ்போர்டு என்பது பெரும்பாலும் ஒரு தட்டையான பலகைதான். பிளைவுட் அல்லது அலுமினியத் தகடு. அதில் வட்ட வட்டமாகத் துளைகள், அவற்றில் மீட்டர்கள், கீழே சுவிட்சுகள். தொழிற்சாலைக் காரில் இருப்பது போன்ற பெரிய பிளாஸ்டிக் அச்சு எதுவும் தேவையில்லை. ஆகவே காரை வாங்கியவரோ கட்டியவரோ முதலில் மாற்ற நினைப்பது இதைத்தான். பழைய மீட்டர்கள் பழுதாகியிருக்கும், அல்லது முன்பு கட்டியவரின் ரசனை பிடிக்காது, அல்லது ஸ்டியரிங் மறைத்து எதுவுமே தெரியாது. காரணம் எதுவானாலும், வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருந்தால் இந்த வேலையைத் தாராளமாகச் செய்யலாம்.

வரிசை மாறினால் வேலை கெடும்

பலர் செய்வது இதுதான். கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார்கள். வரையும் சாப்ட்வேரைத் திறக்கிறார்கள். அழகான ஆறு வட்டங்களை ஒரே வரிசையில் அடுக்குகிறார்கள். வால்நட் மரத்தின் படத்தைப் பின்னணியில் ஒட்டுகிறார்கள். நண்பர்களிடம் காட்டிப் பாராட்டு வாங்குகிறார்கள். பிறகு தகட்டை வெட்டுகிறார்கள். உட்கார்ந்து பார்த்தால், வேகம் காட்டும் மீட்டரின் பாதியை ஸ்டியரிங் வளையம் மறைக்கிறது.

என்னைக் கேட்டால் கம்ப்யூட்டர் வர வேண்டிய இடம் முதலிடம் அல்ல, இரண்டாமிடம். முதலில் இருக்கை, அடுத்து கம்ப்யூட்டர், அடுத்து காகிதம், அதன் பின் அட்டை, கடைசியில்தான் தகடு. இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் தவறைத் திருத்தும் செலவு ஏறிக்கொண்டே போகும். திரையில் ஒரு வட்டத்தை நகர்த்தச் செலவே இல்லை. காகிதத்தில் சில ரூபாய். அட்டையில் அரை மணி நேரம். தகட்டில் ஒரு முழுத் தகடு. துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது.

முதலில் இருக்கையில் உட்காருங்கள்

காரில் உட்காருங்கள். சும்மா உட்காருவது போதாது. ஓட்டும்போது அணியும் ஷூவுடன், சீட் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இந்த வகைக் கார்களில் இரண்டு தோள்களையும் பிடிக்கும் நான்கு முனை பெல்ட்டைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அதைக் கட்டிய பிறகு உடல் முன்னால் சாயாது. பெல்ட் இல்லாதபோது எளிதாக எட்டிய சுவிட்ச், பெல்ட் கட்டிய பின் எட்டாமல் போகும். எமர்ஜென்சி விளக்கின் சுவிட்ச் அப்படி எட்டாத இடத்தில் இருந்தால் அது இருந்தும் பயனில்லை.

அடுத்து, கண் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே டாஷ்போர்டின் எந்தப் பகுதி தெரிகிறது, எது மறைகிறது என்று ஒரு பழைய அட்டையை அங்கே பிடித்து, பக்கத்தில் ஒருவரை வைத்துப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். மறையும் பகுதியைக் கோடு போட்டு நிரப்பிவிடுங்கள். அங்கே எந்த மீட்டரும் வரக்கூடாது. ஓட்டுபவர் மாறினால் கண்ணின் உயரமும் மாறும். கணவன், மனைவி இருவருமே ஓட்டுவதாக இருந்தால் இருவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பிறகு பலகைக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். குறுக்கே இரும்புக் குழாய் ஓடலாம். வைப்பர் மோட்டார் இருக்கலாம். ஸ்டியரிங் தண்டைத் தாங்கும் பிராக்கெட் இருக்கும். மீட்டருக்கு முகம் மட்டுமல்ல, ஆழமும் உண்டு. அதன் பின்னால் வயர் வளைவதற்கும் இடம் வேண்டும். இவை எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்ட பிறகு கம்ப்யூட்டருக்கு வாருங்கள்.

திரையில் வரைவது

இதற்குப் பணம் கொடுத்து சாப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. 2003-ல் வெளிவந்த இங்க்ஸ்கேப் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. பொறியியல் வரைபடம் போல வரைய விரும்புவோருக்கு லிப்ரேகேட் இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் முதல் வேலையாக அளவு முறையை மில்லிமீட்டர் என்று மாற்றிவிடுங்கள். பிக்ஸல் கணக்கில் வரைய வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

லேயர் என்ற வசதியை இங்கே கற்றுக்கொள்ளலாம். கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது போன்றது அது. ஒரு தாளில் பலகையின் வெளிக்கோடு. இரண்டாவதில் வெட்ட வேண்டிய துளைகள். மூன்றாவதில் மீட்டர்களின் வெளி வளையம். நான்காவதில் பின்னால் உள்ள குழாய், மோட்டார் போன்ற தடைகள். ஐந்தாவதில் ஸ்டியரிங் மறைக்கும் பகுதி. வேண்டியதை மட்டும் காட்டலாம், மற்றதை மறைக்கலாம்.

ஒவ்வொரு மீட்டருக்கும் இரண்டு வட்டங்கள் வரைய வேண்டும். கடையில் 52 மி.மீ. மீட்டர் என்று சொல்வது பெரும்பாலும் துளைக்குள் போகும் உடலின் அளவைத்தான். முகத்தில் உள்ள வளையம் அதைவிடப் பெரிது. துளைகளை மட்டும் வரைந்து நெருக்கமாக அடுக்கினால், பொருத்தும்போது வளையங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பெரிய மீட்டர்கள் 80 மி.மீ., 100 மி.மீ. அளவுகளில் வருகின்றன. கையில் மீட்டர் வந்து சேரும் முன்பு, விளம்பரத்தில் போட்ட அளவை நம்பித் துளை வெட்ட வேண்டாம். பொருளை வாங்கி, வெர்னியரால் அளந்து, அந்த எண்ணை வரைபடத்தில் இடுங்கள்.

அளவு எங்கே தவறுகிறது?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தப் பகுதியைத்தான். திரையில் 100 சதவீதம் என்று தெரிந்தாலும் அது உண்மையான அளவு என்று பொருள் அல்ல. ஒவ்வொரு மானிட்டரிலும் புள்ளிகளின் அளவு வேறு. ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து அளப்பதில் பயனில்லை. அளவு உறுதியாவது காகிதத்தில்தான். அந்தக் காகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

முதல் பொறி பிரிண்ட் டயலாக் பாக்ஸில் இருக்கிறது. பி.டி.எப். பைலை அச்சிடும்போது, தாளுக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கும் 'பிட்' என்ற தேர்வு அங்கே இருக்கும். பல நேரங்களில் அது தானாகவே தேர்வாகியிருக்கும். கடிதம் அச்சிட அது நல்லது. நமக்கு அது எமன். 97 சதவீதமாகச் சுருங்கினால் 52 மி.மீ. துளை 50.44 மி.மீ. ஆகிவிடும். மீட்டர் உள்ளே போகாது. ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை 30 மி.மீ. குறைந்துவிடும். எனவே 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகே பிரிண்ட் பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.

இரண்டாவது பொறி பழைய பைல்களில் இருக்கிறது. இங்க்ஸ்கேப்பின் பழைய பதிப்புகள் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்ஸல் என்று கணக்கிட்டன. 2017-ல் வந்த 0.92 பதிப்பு முதல் அது 96 ஆயிற்று. பிக்ஸல் அளவில் வரைந்த பழைய படத்தைப் புதிய பதிப்பில் திறக்கும்போது, என்ன செய்யட்டும் என்று சாப்ட்வேர் கேட்கும். அதைப் படிக்காமல் என்டர் தட்டினால் படம் சுருங்கக்கூடும். அப்படிச் சுருங்கினால் 80 மி.மீ. வட்டம் 75 மி.மீ. ஆகிவிடும். திரையில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. மில்லிமீட்டரில் வரையச் சொன்னது இதற்காகத்தான்.

மூன்றாவது பொறி, வெளியே வெட்டக் கொடுப்பவர்களுக்கு. லேசர் வெட்டும் கடைகளுக்குப் பெரும்பாலும் டி.எக்ஸ்.எப். வகை பைலைக் கொடுப்பார்கள். அதில் உள்ள எண்கள் மில்லிமீட்டரா அங்குலமா என்பதை எல்லா சாப்ட்வேரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. மாறினால் 25.4 மடங்கு வித்தியாசம் வரும். இவ்வளவு பெரிய தவறைக் கடைக்காரரே கண்டுபிடித்துவிடுவார். 3 சதவீதத் தவறை அவரால் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். வரைபடத்தின் ஓரத்தில் கிடையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என 100 மி.மீ. கோடுகள் இரண்டு போட்டுவிடுங்கள். அச்சிட்டதும் இரும்பு ஸ்கேலால் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் சரியாக 100 இருந்தால் மேலே போகலாம். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

டாஷ்போர்டு ஏ4 தாளைவிடப் பெரியது. தாளின் நீளம் 297 மி.மீ. மட்டுமே. அடோப் ரீடரில் 'போஸ்டர்' என்ற தேர்வு இருக்கிறது. படத்தைப் பல தாள்களாகப் பிரித்து, ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று படியும்படி அச்சிட்டுத் தரும். ஒட்டும்போது தாள்கள் கோணலாகாமல் இருக்க, படம் முழுவதும் ஓடும் ஒரு நீண்ட நேர்கோட்டை முன்பே வரைந்து வையுங்கள். ஒட்டிய பின் அந்தக் கோட்டில் நூல் பிடித்துப் பார்த்தால் போதும்.

"பைலை நேராக லேசர் கடைக்கு அனுப்பினால் மெஷின் துல்லியமாக வெட்டித் தருமே, காகிதம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மெஷின் துல்லியமாகத்தான் வெட்டும். நாம் செய்த தவறையும் அதே துல்லியத்துடன் வெட்டும்.

அட்டையில் ஒரு வாரம்

அச்சிட்ட காகிதத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி, வெளிக்கோட்டில் வெட்டி, காரில் பொருத்துங்கள். மீட்டர்களின் முகத்தையும் அச்சிட்டு ஒட்டலாம். கார் நின்றிருக்கும்போது தினமும் உட்கார்ந்து பாருங்கள். காலையில், நண்பகலில், இரவில். இவை பெரும்பாலும் கூரை இல்லாத கார்கள். வெயில் நேராக மீட்டர் கண்ணாடியில் விழும். இரவில் விளக்கு முன்கண்ணாடியில் எதிரொளிக்கும். திரையில் இவற்றைப் பார்க்க முடியாது.

கார் பந்தயக்காரர்கள் செய்யும் ஒரு வேலையையும் இந்த நேரத்தில் முயலலாம். சூடு, ஆயில் பிரஷர் மீட்டர்களைச் சற்றுத் திருப்பி வைத்து, எல்லாம் சரியாக இருக்கும்போது எல்லா முட்களும் மேல்நோக்கி நிற்கும்படி செய்வார்கள். எண்ணைப் படிக்க வேண்டியதில்லை. ஒரு முள் சாய்ந்திருந்தால் உடனே கண்ணில் படும்.

எத்தனை மீட்டர் வேண்டும்? குறைவாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, காரில் உள்ள ஒரு கருவியைக் கையாளும்போது பார்வை ஒரு தடவைக்கு 2 வினாடிக்கு மேல் சாலையை விட்டு விலகக்கூடாது. ஒரு வேலைக்கு மொத்தமாக 12 வினாடிக்கு மேல் ஆகக்கூடாது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 2 வினாடியில் கார் 55 மீட்டர் ஓடிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மீட்டரையும் பார்த்து, "நீ எனக்கு எதற்கு?" என்று கேளுங்கள். ஸ்பீடோமீட்டருக்கு நல்ல இடம். அடுத்த இடம் ஆயில் பிரஷருக்கும் இன்ஜின் சூட்டுக்கும். அவற்றுடன், ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று நேர் கண்ணில் படும்படி இருக்கட்டும். அபாயத்துக்குச் சிவப்பு, எச்சரிக்கைக்கு மஞ்சள், இண்டிகேட்டருக்குப் பச்சை, ஹை பீமுக்கு நீலம் என்பது உலகெங்கும் பழகிய வழக்கம். அழகுக்காக அதை மாற்ற வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே திரை போதாதா?

கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு இந்த ஆசை கட்டாயம் வரும். ஆறு மீட்டர் வாங்கும் பணத்தில் ஒரு டேப்லெட்டை வைத்துவிடலாமே? ஒரே ஒரு செவ்வகத் துளை. வேண்டியபோது படத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. துளைகள் குறையும், வயர்கள் குறையும். வெயிலில் படிக்கக்கூடிய, கார்களுக்கென்றே செய்த திரைகளும் இப்போது கிடைக்கின்றன.

ஆனாலும் என் ஓட்டு அதற்கு இல்லை. ஆஸ்டன் மார்ட்டின் 1976-ல் லகோண்டா என்ற காரைக் காட்டியது. எல்.இ.டி. எண்களும் தொட்டால் இயங்கும் பட்டன்களும் கொண்ட டாஷ்போர்டு அதில் இருந்தது. பெரும் பணம் செலவிட்ட நிறுவனமே அதன் எலக்ட்ரானிக்ஸால் பட்ட பாடு கார் உலகில் பிரசித்தம். அன்றைய எலக்ட்ரானிக்ஸ் வேறு, இன்றையது வேறு என்பது உண்மை. ஆனால் வீட்டில் செய்யும் திரைக்கு இன்றும் மூன்று குறைகள் உண்டு. சாதாரண டேப்லெட் நேர் வெயிலில் மங்கும். சிறு கம்ப்யூட்டர் போர்டு வைத்துச் செய்தால், சாவியைத் திருப்பியதும் அது பூட் ஆகும் வரை காத்திருக்க வேண்டும். இன்ஜின் அதற்காகக் காத்திருக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம், மீட்டர் ஒன்று பழுதானால் ஒரு தகவல் போகும், திரை பழுதானால் எல்லாமே போய்விடும்.

பெரிய கார் நிறுவனங்களே பட்டன்களை மறுபடி நினைக்கத் தொடங்கிவிட்டன. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், இண்டிகேட்டர், எமர்ஜென்சி விளக்கு, வைப்பர், ஹார்ன் போன்றவற்றைத் திரைக்குள் ஒளிக்காமல் கையால் இயக்கும்படி தனியாக வைப்பதை 2026 முதல் தன் மதிப்பெண்ணில் சேர்த்திருக்கிறது. எனவே ஆசைக்கு ஒரு சிறு திரை வையுங்கள். வேகமும் அபாய விளக்குகளும் அதை நம்பி இருக்கக் கூடாது.

விளிம்பில் விளையாட வேண்டாம்

பிரிட்டனில் கிட் கார் சாலைக்கு வரும் முன் அரசின் சோதனையில் தேற வேண்டும். கார்களுக்கு 1998-ல் எஸ்.வி.ஏ. என்ற சோதனை வந்தது. 2009 முதல் அதன் இடத்தில் ஐ.வி.ஏ. நடக்கிறது. உள்ளே இருப்பவரின் உடல் மோதக்கூடிய விளிம்புகள் எப்படி இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான பகுதி. கார்களின் உட்பகுதிக்கான ஐ.நா.வின் 21-ஆவது விதியில் உள்ள அடிப்படை அளவுகள் இவை: மோதக்கூடிய விளிம்புகளின் வளைவு ஆரம் குறைந்தது 2.5 மி.மீ. டாஷ்போர்டின் கீழ் விளிம்புக்குக் குறைந்தது 19 மி.மீ.

இந்த எண்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 3 மி.மீ. தகட்டின் விளிம்பை எவ்வளவு அரம் போட்டு உருட்டினாலும் ஆரம் 1.5 மி.மீ.க்கு மேல் வராது. எனவே விளிம்பை மடிக்க வேண்டும், அல்லது ரப்பர் பீடிங் போட வேண்டும். கீழ் விளிம்புக்கு வேண்டியது 38 மி.மீ. குழாயின் பாதி வளைவு. அதை முன்பே வரைபடத்தில் சேர்க்காவிட்டால் கடைசியில் முழங்காலுக்கு இடம் இருக்காது.

சோதனை வரை பீடிங்கை ஒட்டி வைத்திருந்து, சான்றிதழ் கிடைத்ததும் பிய்த்து எறியும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. பளபளக்கும் தகட்டின் அழகை ரப்பர் கெடுக்கிறதாம். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். அந்த விதி அதிகாரியின் திருப்திக்காக எழுதப்பட்டது அல்ல. இந்தச் சிறிய கார்களில் முழங்காலுக்கும் பலகைக்கும் நடுவே கையளவு இடம்தான் இருக்கும். மோதும் நாளில் அங்கே இருக்கப் போவது உங்கள் கால், அல்லது பக்கத்தில் உட்கார்ந்த உங்கள் பிள்ளையின் கால். அழகாகவும் இருக்க வேண்டும், மழுங்கியும் இருக்க வேண்டும் என்றால் அதற்குத்தான் கம்ப்யூட்டரும் அட்டையும் இருக்கின்றன. பீடிங்கையும் சேர்த்தே வடிவமையுங்கள்.

வயருக்கு ஒரு எக்ஸெல் தாள்

பொருத்தும் வேலையில் கம்ப்யூட்டர் செய்யும் இன்னொரு பெரிய உதவி, வயர் பட்டியல். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, வயர் எண், நிறம், எங்கிருந்து, எங்கே, எந்த பியூஸ் என ஐந்து பத்திகள் போடுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் நிறங்களுக்கே பொருள் உண்டு. கறுப்பு எர்த். பிரவுன் எப்போதும் மின்சாரம் உள்ளது. வெள்ளை சாவியைத் திருப்பினால் வருவது. பச்சை அதன் பின் பியூஸ் வழியாக வருவது. சிவப்பு பக்க விளக்கு. நீலம் ஹெட்லைட். முன்பு வேலை செய்தவர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருக்கலாம். எனவே பேட்டரியைக் கழற்றி, பழைய பலகையை எடுக்கும் முன் ஒவ்வொரு வயரிலும் எண் ஒட்டி, போட்டோ எடுத்து, தாளில் பதிந்துகொள்ளுங்கள்.

பெட்ரோல் மீட்டர் மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேங்கில் உள்ள மிதவையும் மீட்டரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் பரவலான ஒரு வகை, டேங்க் காலியானால் 10 ஓம், நிறைந்தால் 180 ஓம் காட்டும். அமெரிக்காவில் பரவலான ஒரு வகை, காலியானால் 240, நிறைந்தால் 33. ஒன்றின் மிதவையை மற்றதன் மீட்டரில் இணைத்தால், டேங்க் வற்ற வற்ற முள் நிறைவை நோக்கி ஏறும்.

பல முனைகள் கொண்ட கனெக்டர்கள் வழியாக எல்லா வயரையும் கொண்டு வந்தால், நாலைந்து போல்ட்டைக் கழற்றியதும் பலகை முழுதாகக் கையோடு வந்துவிடும். எல்லா மீட்டர்களுக்கும் உறுதியான ஓர் எர்த் கொடுங்கள். எர்த் தளர்ந்தால் விளக்கைப் போட்டதும் முட்கள் ஆட ஆரம்பிக்கும். வெட்டிய ஒவ்வொரு துளையையும் பிசிறு இல்லாமல் உப்புத்தாள் போட்டுவிட்டுப் பொருத்துங்கள். பிசிறு வயரை அறுக்கும்.

வேலை முடிந்ததும் கடைசியாக ஒன்று செய்யுங்கள். தகட்டில் செய்த சிறு திருத்தங்களை எல்லாம் வரைபடத்திலும் திருத்தி, தேதியுடன் சேவ் செய்து, ஒரு பிரதியை வேறு டிரைவில் வையுங்கள். நாளை அந்தப் பலகை உடைந்தால், அல்லது ஒரு மீட்டர் கூடுதலாக வேண்டுமென்றால், பாதி நாளில் இன்னொன்று செய்துவிடலாம்.

கம்ப்யூட்டர் நமக்குத் தருவது மனதை மாற்றிக்கொள்ளும் வசதி. எத்தனை தடவை வேண்டுமானாலும் அழிக்கலாம், நகர்த்தலாம். அது சரியா என்று தீர்ப்புச் சொல்ல அதற்குக் கண்ணும் இல்லை, முழங்காலும் இல்லை. டாஷ்போர்டுக்கு மட்டுமல்ல, ரவிக்கை அளவுத் தாள், அலமாரிப் பலகை, புத்தக அட்டை என அளவு பார்த்து வெட்ட வேண்டிய எதற்கும் இது பொருந்தும். கார் இல்லாவிட்டால் என்ன? இன்றே உங்கள் பிரிண்டரில் ஒரு 100 மி.மீ. கோடு போட்டு அச்சிட்டு, ஸ்கேலை வைத்து அளந்து பாருங்களேன்.